திருப்பூணித்துறையில் தொடங்குங்கள்



கொச்சிக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும். சீன வலை, வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயம், மட்டாஞ்சேரியில் யூதர் தெரு, மாலையில் மரைன் டிரைவில் ஒரு நடை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊருக்கு ஒரு ராஜா இருந்தாரே, அவர் எங்கே குடியிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள். அதைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். பிறகு வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். கடை விரித்தவர்கள் யூதர், குஜராத்தி, கொங்கணி, கச்சி என்று பல தரப்பினர். இத்தனை பேருக்கும் இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா. அந்த ராஜகுடும்பத்தின் ஊர் திருப்பூணித்துறை. எர்ணாகுளத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர்.

சனி, ஞாயிறு இரண்டே நாளில் கொச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் நான் சொல்லும் வழி இதுதான்: முதல்நாள் திருப்பூணித்துறை, மறுநாள் மட்டாஞ்சேரி. ராஜாவைப் பார்த்துவிட்டுப் பிறகு அவருடைய துறைமுகத்தைப் பாருங்கள். இரண்டாம் நாள் பார்ப்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும்.

இந்த வரிசையை மாற்றினால் வேறொரு சங்கடமும் உண்டு. திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் ஜெப ஆலயமோ சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் திறக்காது. வெள்ளி பிற்பகலிலேயே சாத்திவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை மட்டாஞ்சேரிக்குப் போனால் பாதி பார்க்கலாம், பாதிக்குப் பூட்டுதான். சனி திருப்பூணித்துறை, ஞாயிறு மட்டாஞ்சேரி என்று வைத்துக்கொண்டால் மூன்று கதவுகளும் திறந்திருக்கும். யூதப் பண்டிகை நாட்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் வெள்ளிக்கிழமை மாலை திருவனந்தபுரம் மெயிலிலோ ஆலப்புழை எக்ஸ்பிரஸிலோ ஏறினால் சனிக்கிழமை காலை எர்ணாகுளம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதுவும் வேண்டாம். பாலக்காடு, திருச்சூர் வழியாகச் சில மணி நேரத்தில் வந்துவிடலாம்.

அறை எங்கே எடுப்பது? ஃபோர்ட் கொச்சியில் பழைய ஓட்டு வீடுகளை ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறார்கள். முற்றம், மரத்தடுப்பு, ஜன்னலோரம் மாமரம் எல்லாம் உண்டு. தங்க இனிமையான இடம்தான். ஆனால் அங்கிருந்து திருப்பூணித்துறைக்குச் சாலை வழியாகப் போவதென்றால் தோப்பும்படி பாலத்து நெரிசலிலேயே காலைப் பொழுது போய்விடும். இந்த இரண்டு நாள் திட்டத்துக்கு எர்ணாகுளம் நகரின் நடுப்பகுதிதான் தோது. எம்.ஜி. ரோடு, தெற்கு ரயில் நிலையம், தர்பார் ஹால் ரோடு, இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட பகுதி. எந்த விலைக்கும் அறை கிடைக்கும். மெட்ரோ நடை தூரத்தில். படகுத்துறைக்கும் ஆட்டோவில் சிறிது நேரம்தான். எம்.ஜி. ரோட்டில் கிராண்ட் ஹோட்டல், தர்பார் ஹால் ரோட்டில் பாரத் ஹோட்டல் எல்லாம் அந்தக் காலத்திலிருந்து நிற்பவை. பாரத்தில் சைவச் சாப்பாடு. மீன் வேண்டுமென்பவர்கள் கிராண்டுக்கு நடந்துவிடலாம். கையில் கொஞ்சம் தாராளமாகப் பணம் இருந்தால் போல்காட்டித் தீவைப் பாருங்கள். 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை, பிறகு ஆங்கிலேய ரெசிடெண்டின் வீடு, இன்று கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல்.

அறை பதிவு செய்யும்போதே காலையில் எத்தனை மணிக்கு அறை தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். ரயில் விடிந்ததும் இறக்கிவிட்டுவிடும். பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்று சொல்லும் இடங்கள் நிறைய. முகம் கழுவிப் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்ப அனுமதித்தாலே போதும். கார்த்திகை, மார்கழியில் போகிறவர்கள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். சபரிமலை சீசனில் எர்ணாகுளம் ஸ்டேஷன் முழுக்கக் கறுப்பு வேட்டிதான். தெற்கு ஸ்டேஷனைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் அப்போது அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மழையில் நனைய ஆசையில்லாதவர்கள் ஆனி, ஆடியைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி சனிக்கிழமை. கொச்சி மெட்ரோ 2017இல் ஓடத் தொடங்கியது. ஆலுவாவில் கிளம்பும் அந்தப் பாதையின் கடைசி நிலையம், இருபத்தைந்தாவது, திருப்பூணித்துறை. 2024 மார்ச்சில்தான் அது திறந்தது. ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் வைற்றிலா சந்திப்பில் பஸ்ஸுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பதுதான் திருப்பூணித்துறைப் பயணம். இப்போது குளிர்ந்த பெட்டியில் உட்கார்ந்தபடி வடக்கேகோட்டை என்ற நிலையத்தைக் கடந்து போகலாம். இது கோட்டைக்குள் இருந்த ஊர் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

முதலில் ஹில் பேலஸ். முனையத்திலிருந்து ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் ஓர் இடைவேளை விட்டு மூடுவார்கள், ஆகவே காலையிலேயே போய்விட வேண்டும். 1865இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. இன்று நாற்பத்தொன்பது கட்டடங்கள், ஐம்பது ஏக்கருக்கு மேல் தோட்டம். குன்றின்மேல் படிப்படியாக ஏறும் புல்தரை, உச்சியில் வெள்ளை முகப்பு. ஏறும்போதே சிலருக்கு எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். 1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் மாடம்பள்ளி வீட்டு வெளிப்புறம் இதுதான். நம் ஊரில் 'சந்திரமுகி' ஆன கதையின் மூலம் அந்தப் படம். உள்ளே எடுத்த காட்சிகள் பலவற்றுக்கு அவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனார்கள். இது தெரியாமல் படத்தில் வரும் தெக்கினி அறையைத் தேடி ஹில் பேலஸ் முழுக்க அலையும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த அறை இங்கே இல்லை.

1980இல் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. 1986 முதல் மக்களுக்கு அருங்காட்சியகம். வாள்கள், நாணயங்கள், பல்லக்கு, குதிரை வண்டி, பெருங்கற்காலத்துக் குடைக்கல் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் நின்று பார்க்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கிரீடம் வைத்திருக்கும் அறை.

கண்ணாடிக்குள் பொன்னாலான ஒரு கிரீடம். கற்கள் பதித்தது. போர்த்துக்கீசியர் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்த பரிசு. கூட்டம் 'தங்கம்' என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துவிடும். நீங்கள் நகராதீர்கள். இந்தக் கிரீடத்தைத் தலையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வதே கொச்சி ராஜாக்களின் வழக்கம். பெரும்படப்பு ஸ்வரூபம் என்ற அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் பொன்னானிக்கு அருகே வன்னேரி. முடிசூட்டு விழா நடக்க வேண்டிய சித்ரகூடம் அங்கேதான். கோழிக்கோட்டுச் சாமூதிரி வன்னேரியைப் பிடித்துக்கொண்டார். அதை மீட்டு அங்கே முடிசூடும் வரை எந்தக் கொச்சி ராஜாவும் தலையில் கிரீடம் வைப்பதில்லை என்று விரதம் பூண்டதாகச் சொல்கிறார்கள். வன்னேரி திரும்பவில்லை. போர்த்துக்கீசியர் போய் டச்சுக்காரர் வந்து, அவர்களும் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். 1949 ஜூலை 1 அன்று கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்து ராஜ்யமே முடிந்தது. கிரீடம் மடியிலேயே இருந்துவிட்டது. அந்நியர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சாமூதிரியை எதிர்த்த ஒரு சின்ன ராஜ்யத்தின் கதை முழுவதும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மருமக்கத்தாயம். மகன் பட்டத்துக்கு வருவதில்லை. தாய்வழியில் மூத்த ஆண் எவரோ அவரே ராஜா. அதனால் தலை நரைத்த பிறகே பட்டம் வாய்த்தவர்கள் பலர். 1941இல் தொடங்கி 1949 வரை நான்கு பேர் அடுத்தடுத்துப் பட்டமேற்றார்கள். இவர்களின் முகங்களை நாளை மட்டாஞ்சேரியில் பார்க்கப் போகிறீர்கள்.

மாலையில் பூர்ணத்ரயீசர் கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கொண்டுபோவது நல்லது. நம் ஊர் ஸ்ரீரங்கத்திலும் திருவனந்தபுரத்திலும் பெருமாள் பாம்பின்மேல் பள்ளிகொண்டிருப்பார். இங்கே அனந்தனின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். இறந்துபோன பிள்ளைகளை ஓர் அந்தணருக்கு மீட்டுக் கொடுத்த சந்தான கோபாலக் கதையோடு சேர்ந்த மூர்த்தி. பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் அதிகம். பார்த்தால் பழங்காலத்துக் கோயில்போலத்தான் இருக்கும். உண்மையில் 1920இல் இங்கே பெரிய தீ பிடித்தது. அதன்பின் ஈச்சர வாரியர் என்ற சிற்பி கான்கிரீட்டில் எழுப்பி, மேலே செம்பும் பித்தளையும் மரமும் கல்லுமாகப் போர்த்திய ஸ்ரீகோயில் இது. கான்கிரீட் என்று யாரும் சொல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கார்த்திகையில் எட்டு நாள் விருச்சிகோற்சவம். பதினைந்து யானை நிற்க, செண்டை மேளம் மணிக்கணக்கில் முழங்கும். யானை முகத்தில் கட்டும் பொன் நெற்றிப்பட்டங்களைப் பற்றி இந்த ஊரில் ஒரு கதை உண்டு. 1895 முதல் 1914 வரை ஆண்ட ராமவர்மாவை ராஜரிஷி என்பார்கள். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் கொண்டுவர அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. கோயிலில் இருந்த பதினைந்து நெற்றிப்பட்டங்களில் பதினான்கை விற்றார். 1902இல் ரயில் ஓடியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் தாமாகவே பட்டத்தைத் துறந்தார். நீங்கள் பாலக்காட்டைத் தாண்டி ஷொர்ணூர்ப் பக்கமாக எர்ணாகுளத்துக்கு வந்தீர்களே, அந்தத் தண்டவாளத்தில் கொஞ்சம் பூர்ணத்ரயீசர் கோயில் பொன்னும் இருக்கிறது.

ஆவணியில் அத்தம் நட்சத்திரத்தன்று போக முடிந்தால் வேறு எதையும் திட்டமிடாதீர்கள். அத்தச்சமயம் என்ற ஊர்வலத்தோடு ஓணத்துக்குத் தொடக்கம். முன்பு ராஜா பவனி வந்தார். கரிங்காச்சிறை கத்தனார், நெட்டூர்த் தங்ஙள், செம்பில் அரையன் என்று கிறிஸ்தவப் பாதிரியாருக்கும் முஸ்லிம் பெரியவருக்கும் மீனவர் தலைவருக்கும் அதில் தனி மரியாதை உண்டு. ராஜ்யம் போனதும் நின்றுபோன அத்தச்சமயம் 1961இல் ஜனங்களின் விழாவாக மறுபடி தொடங்கியது. வேடமிட்டவர்கள், புலியாட்டம், அலங்கார வண்டி என்று தெரு நிரம்பி வழியும்.

மற்ற நாட்களிலும் இது சங்கீதமும் கதகளியும் புழங்கும் ஊர். ஆர்.எல்.வி. இசைக் கல்லூரி இங்கேதான். ஃபோர்ட் கொச்சியில் பிறந்த ஜேசுதாஸ் பாட்டுப் படித்தது அங்கே. களிக்கோட்டை அரண்மனையில் அன்றைக்கு ஏதாவது கச்சேரியோ கதகளியோ இருக்கிறதா என்று கோயில் வாசலிலேயே விசாரியுங்கள். இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மெட்ரோவில் திரும்பி வந்து மரைன் டிரைவில் காற்று வாங்குங்கள்; அதைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வழி. ஹைகோர்ட் முனையத்திலிருந்து வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கிய பேட்டரிப் படகுகள், குளிர்சாதனம், அகலக் கண்ணாடி. ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் போகின்றன. கூட்டம் பொறுக்காதவர்களுக்கும் சில்லறை செலவில் போக நினைப்பவர்களுக்கும் அரசுப் போக்குவரத்துத் துறையின் பழைய போட் இருக்கிறது. முகத்தில் உப்புக்காற்று அடிக்க வேண்டுமென்றால் அதுதான் சரி.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு பேலஸ் என்பார்கள். கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் இல்லை. 1555 வாக்கில் போர்த்துக்கீசியர் கட்டி ராஜா வீரகேரளவர்மாவுக்குக் கொடுத்தது. 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்படித்த பெரிய வீடு, அவ்வளவுதான். நேற்று ஹில் பேலஸ் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். மேலே போங்கள். முதலில் 1864 முதலான ராஜாக்களின் ஓவியங்கள். அதைத் தாண்டிப் பள்ளியறை. சுவர் முழுவதும் ராமாயணம். புத்திரகாமேஷ்டி யாகத்திலிருந்து அயோத்தி திரும்புவது வரை நாற்பத்தெட்டுக் காட்சிகள். காவியும் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாக ஓர் அங்குலம்கூட வெறுமையாக இல்லை. ராஜா தூங்கிய அறை இது. இத்தனை பேர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க எப்படித் தூக்கம் வந்ததோ.

கீழே இறங்கும் வழியில் சின்ன அறைகளைப் பலர் தவறவிடுகிறார்கள். அங்கே ஒரு கிருஷ்ணன். ஆறு கைகளாலும் இரண்டு கால்களாலும் எட்டுக் கோபியரைக் கொஞ்சிக்கொண்டே, மிச்சமிருக்கும் இரண்டு கைகளால் நிதானமாகக் குழலூதுகிறான். இந்த ஓவியரின் குறும்பு பள்ளியறை ஓவியத்தில் இல்லை.

அரண்மனையை அடுத்தாற்போல யூதர்களின் ஜெப ஆலயம். 1568இல் கட்டியது. ராஜா தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பழையன்னூர் பகவதி கோயில் பிரகாரத்தை ஒட்டி இடம் கொடுத்தார். போர்த்துக்கீசியர் 1662இல் சிதைத்தார்கள். டச்சுக்காரர்கள் வந்ததும் யூதர்கள் மறுபடி எழுப்பினார்கள். 1760இல் எசக்கியேல் ரஹபி என்ற வணிகர் மணிக்கூண்டு கட்டினார். தரைக்கு நீலப் பூவேலைச் சீன ஓடுகளும் அவர் காலத்தில்தான் வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓடுகளில் நடக்க வேண்டும். கையால் வரைந்தவை, ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பார்கள். குனிந்து நான்கைந்து ஓடுகளையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வளைந்த மரக்கிளை ஓர் ஓட்டில் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்ததில் மை கொஞ்சம் தடித்திருக்கும். இந்தச் சமூகத்தின் மிகப் பழைய சொத்து, ஏறத்தாழ ஆயிரமாம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு. வட்டெழுத்தில் பொறித்தது. 1968இல் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். அப்போதே இஸ்ரேலுக்குப் புலம்பெயர்ந்தவர்கள் பலர். இன்று தெருவில் யூதர்களைக் காண்பது அரிது, கடைகள் காஷ்மீரிகளுடையவை.

அந்தக் கடைகளில் பேரம் பேசாமல் எதையும் வாங்காதீர்கள். 'பழம்பொருள்' என்று சொல்வதில் பாதி போன மாதம் செய்தது. மிளகும் சுக்கும் ஏலமும் வேண்டுமானால் பஜார் ரோட்டுப் பக்கம் நடங்கள். பழைய கிடங்குகளின் வாசலில் வரும் சுக்கு மணத்துக்காகவே நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் மொத்த வியாபாரிகள் கடை திறப்பது சந்தேகம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் ஒரே நஷ்டம். சாப்பாட்டுக்கு நியூ ரோட்டில் காயீஸ். 1948 முதல் இருக்கும் பிரியாணிக் கடை. நம் திண்டுக்கல் காரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்; இது நெய்யும் மெல்லிய மசாலாவும். வெயில் சாயும்வரை காத்திருந்தால் சட்டி காலியாகியிருக்கும்.

நேரம் இருந்தால் ஃபோர்ட் கொச்சியில் சீன வலைக்கும் தேவாலயத்துக்கும் ஒரு சுற்று. வாஸ்கோ ட காமாவை 1524இல் புதைத்தார்கள், 1539இல் எலும்புகளை லிஸ்பனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இருப்பது கல்லறைக் கல் மட்டும். அதற்கு நான் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான். அதைவிட வேளிப் பக்கமுள்ள தோபிகானாவுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததுமே தமிழ் கேட்கும். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இவர்கள். 1976இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டிக் கொடுத்த தொட்டிகள், ஆளுக்கொன்றாக. வெளியே கொடிகள். கொடியில் ஒரு கிளிப்கூட இருக்காது. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. புரியைப் பிரித்து வேட்டி நுனியைச் செருகினால் கயிறே இறுகப் பிடித்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் துணி விழாது. கஞ்சி போட்டு, வெயிலில் விறைத்த துணியைக் கரிப்பெட்டியால் தேய்க்கிறார்கள். 'எந்த ஊருங்க?' என்று அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். மலையாளம் கலந்த தமிழ். படம் எடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

ஞாயிறு மாலை எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷனில் சென்னை மெயிலைப் பிடித்தால் திங்கள் காலை ஊர். டவுன் என்றால் வடக்கு, ஜங்ஷன் என்றால் தெற்கு. ஆட்டோக்காரரிடம் வெறுமனே ஸ்டேஷன் என்று சொன்னால் அவர் 'நார்த்தா, சௌத்தா?' என்று கேட்பார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.